களஞ்சியத்தில் அழித்தலும் மறைத்தலும்

விழாக் கொண்டாடும் ஆண்டில் ஒரு கல்லூரி தன் பழைய ஏடுகளைத் தேடத் தொடங்குதல் இயல்பு. சேர்விடாப்புகள், வரவிடாப்புகள், துடுப்பாட்டக் குழுவினரின் நிழற்படங்கள், பரிசளிப்பு விழா அறிக்கைகள், முன்னை மலர்கள் என்பன அலுமாரிகளின் அடித்தட்டுகளிலிருந்து வெளிவருகின்றன. அவற்றுட் சில செல்லரித்தவை. சில மழைநீர் பட்டவை. சில இடப்பெயர்வுக் காலத்திற் கைவிடப்பட்டு, பின்னர் யாரோ ஒரு நல்லவர் வீட்டிலிருந்து மீண்டவை. இவையனைத்தையும் மின்வருடி, கணினி வலைப்பின்னலின் வழியே எட்டக்கூடிய பெரிய தரவுக் களஞ்சியம் ஒன்றில் வைத்துவிடல் வேண்டும் என எமது சங்கத்தின் இளைய அங்கத்தவர்கள் கூறுகின்றனர். அக்கருத்தை நாம் மனமார வரவேற்கின்றோம். ஒரேயொரு பிரதியாய் இருந்த ஏடு எரிந்தால் அதனை மீட்டுத் தர எவராலும் இயலாது என்பதை 1981ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகத்தை இழந்த நம்மவர்க்கு எவரும் எடுத்துக் கூற வேண்டியதில்லை.

எனினும் இம்முயற்சி பற்றி நடந்த கூட்டங்களில் நாம் ஒன்றை அவதானித்தோம். ஏடுகளைக் களஞ்சியத்தில் வைப்பது எப்படி என்று எல்லாரும் வினவினர். வேண்டியபொழுது எடுப்பது எப்படி என்றும் பலர் வினவினர். வைத்த ஒன்றை அழிப்பது எவ்வாறு நிகழ்கின்றது என்று வினவியவர் எவருமிலர். ஒரு களஞ்சியத்தின் தன்மையை அறிய விரும்புவோர் முதலிற் கேட்க வேண்டிய வினா அதுவே என்பது எமது துணிபு. அழித்தல் என்னும் ஒரே சொல்லின்கீழ் அங்கே இரண்டு வேறு செயல்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்தறியாதவர் காக்க வேண்டியதை இழப்பர். நீக்க வேண்டியதை நீக்காமலும் விடுவர்.

இதனை விளக்குதற்கு உலகிற் பெரிதும் வழங்கும் ஒரு களஞ்சியத்தையே எடுத்துக்கொள்வோம். அமேசான் நிறுவனம் 2006ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ‘எஸ் 3’ என்னும் பெயருடன் தன் களஞ்சியத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. பின்வந்த களஞ்சியங்கள் பல அதன் நடைமுறையையே தாமும் பின்பற்றுதலின், அதனை அறிந்தார் ஏனையவற்றையும் ஒருவாறு அறிந்தவராவர். இக்களஞ்சியத்தில் வைக்கப்படும் ஒவ்வொன்றும் ‘பொருள்’ எனப்படும். பொருள்களை இட்டுவைக்கும் இடத்தை ‘வாளி’ என்னுங் கருத்துடைய சொல்லால் அவர்கள் வழங்குவர். நாம் கொள்கலம் என்போம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர் உண்டு. பெயரைச் சொன்னாற் பொருள் கிடைக்கும். பெயர் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் கிடையாது. செய்நிரல்கள் இக்களஞ்சியத்தோடு பேசும் வாயிலை இடைமுகம் என்பர். கந்தோர் ஒன்றின் யன்னலை ஒத்தது அது. வெளியே நிற்பவர் வேண்டுகோளை நீட்டலாம், விடையைப் பெறலாம். உள்ளே நடப்பதை அவர் காண்பதில்லை. அந்த யன்னலில் நீட்டத்தக்க கட்டளைகளுள் முதன்மையானவை மூன்று: வை, தா, அழி.

‘அழி’ என்னுங் கட்டளையைப் பெயரோடு நீட்டினால், ‘204’ என்னும் எண் விடையாக வரும். கட்டளை நிறைவேறிற்று, திருப்பித் தருதற்கு யாதுமில்லை என்பது அதன் கருத்து. இதில் வியப்பொன்றுமில்லை. வியப்பு யாதெனின், இல்லாத பொருளொன்றை அழிக்கச் சொன்னாலும் அதே 204 தான் விடையாக வரும் என்பதே. பெயரைத் தவறாக எழுதினாலும் 204. முன்னரே அழித்ததை மீண்டும் அழிக்கச் சொன்னாலும் 204. இதனைக் குறைபாடு என்று கருதலாகாது. கம்பிவழியே செல்லும் கட்டளையும் விடையும் சிலவேளைகளில் இடைவழியிலே தொலைந்து போதல் உண்டு. விடை வராதபொழுது, கட்டளை சென்று சேர்ந்ததோ இல்லையோ என்று அனுப்பியவர்க்குத் தெரியாது. அவர் அதே கட்டளையை மீண்டும் அனுப்புவர். ஒருமுறை செய்யினும் பலமுறை செய்யினும் முடிவான நிலை ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்பது வலைப்பின்னல் நெறிமுறைகளில் ‘அழி’ என்னுங் கட்டளைக்கு விதிக்கப்பட்ட இலக்கணம். ஆதலின் அவ்விடை, ‘பொருள் இருந்தது, அதனை அழித்தேன்’ என்று சான்று பகர்வதன்று; ‘இப்பெயரில் இனி இங்கே ஒன்றுமில்லை’ என்று மாத்திரம் கூறுவதாகும். ஓப்பன்ஸ்டாக் சுவிஃப்ட் என்னும் வேறொரு களஞ்சியம், இல்லாததை அழிக்கச் சொன்னால் ‘காணவில்லை’ எனப் பொருள்படும் 404 என்னும் எண்ணைத் தரும். ஒரே சொல்லுக்கு இரு களஞ்சியங்கள் இருவகை விடை தருவதால், விடையின் கருத்தை அவ்வக் களஞ்சியத்தின் விதிகளைக் கொண்டே உணர்தல் வேண்டும்.

தமிழிற் பெயரிடுவோர்க்கு இவ்விடத்தில் ஒரு தனி இடர் உண்டு. ‘கொ’ என்னும் எழுத்தைக் கணினியிலே இருவகையாகப் பதியலாம்: ககரத்தோடு ஒகரக் குறி முழுவதையும் ஒன்றாகச் சேர்ப்பது ஒரு வகை, ககரத்தோடு ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொரு வகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. களஞ்சியத்துக்கோ அவை இருவேறு பெயர்கள். ஆகவே ‘கொழும்பு’ என்று தொடங்கும் பெயருடைய பொருளை அழிக்கும்படி ஒருவர் தட்டெழுதினால், பொருள் இருந்தபடியே இருக்க, 204 என்னும் விடை மாத்திரம் வந்து சேரக்கூடும். அழித்துவிட்டோம் என்று அவர் மனநிறைவோடு எழுந்து செல்வர். அழிக்கப்பட்டதொன்றுமில்லை.

இனி யன்னலுக்கு உள்ளே நிகழ்வதைப் பார்ப்போம். கரும்பலகையில் எழுதியதைத் துடைப்பது போலவே இங்கும் அழித்தல் நிகழும் என்று எண்ணுவோர் பலர். அது பிழை. பெருங்களஞ்சியம் எதுவும் ஒரு பொருளை ஓரிடத்தில் மாத்திரம் வைப்பதில்லை. எஸ் 3 தன் வழமையான வகுப்பிலே வைக்கும் பொருளை ஒன்றிலிருந்து ஒன்று விலகிய மூன்று வலயங்களுக்குக் குறையாமற் பரப்பி வைக்கின்றது. இவ்வாறு பல இயந்திரங்களிற் பிரதிகள் இருக்குமிடத்து, அழித்தலில் ஒரு சிக்கல் எழும். மூன்று இயந்திரங்களுள் ஒன்று பழுதுற்றுக் கிடக்கும்பொழுது அழிக்குங் கட்டளை வந்தது என்க. ஏனைய இரண்டும் பொருளைத் துடைத்துவிடுகின்றன. பழுதுற்றது மறுநாள் திருத்தப்பட்டு எழும்புகின்றது. தன்னிடம் இருக்கும் பொருள் மற்றவற்றிடம் இல்லாமையைக் காண்கின்றது. அவை இழந்துவிட்டன என்று கருதி, அவற்றுக்கும் பிரதி கொடுத்துவிடுகின்றது. அழிந்த பொருள் இவ்வாறு உயிர்த்தெழுகின்றது.

இதனைத் தடுக்க வேண்டியே, இத்தகைய களஞ்சியங்கள் அழித்தலையும் ஒரு பதிவாக்கி வைத்தன. சுவிஃப்ட் களஞ்சியத்தில் ஒரு பொருளை அழிக்கும்பொழுது, அதற்குப் பதிலாக உள்ளீடற்ற சிறு கோப்பு ஒன்று அழித்த நேரத்தோடு எழுதப்படுகின்றது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘கல்லறைக்கல்’. பழுதுற்று எழும் இயந்திரம் அக்கல்லைக் கண்டு, பொருள் இறந்தமையை அறிந்துகொள்கின்றது. வேறு ஏற்பாடு செய்யாதவிடத்து அக்கல் ஒரு வாரம் வரையில் அங்கே நிற்கும். கசாண்ட்ரா என்னும் தரவுத்தளத்தில் அது 8,64,000 செக்கன்கள், அஃதாவது 10 நாள்கள், நிற்கும். அக்காலம் கழிந்த பின்னரே கல்லும் அகற்றப்படுகின்றது. நமது சேர்விடாப்பிலும் இவ்வழக்கமே அன்றோ இருந்தது? மாணாக்கன் ஒருவன் விலகினால் அவன் பெயரை எவரும் சுரண்டி எடுப்பதில்லை. சிவப்பு மையாற் கோடிட்டு, விலகிய திகதியை அருகில் எழுதினர். சுரண்டிய இடத்தில் ஐயம் பிறக்கும். கோடிட்ட இடத்தில் வரலாறு நிற்கும்.

எஸ் 3 களஞ்சியத்திலும் 2020ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் வரையில், அழித்த பொருளொன்று சிறிது நேரம் தேடுவோர் கண்ணுக்குத் தோன்றக்கூடியதாகவே இருந்தது. அழிப்புச் செய்தி எல்லா இயந்திரங்களையும் சென்றடையும் வரையில் அது தவிர்க்க இயலாததாயிருந்தது. அவ்வாண்டின் பின்னர், கட்டளை ஏற்கப்பட்ட கணத்திலிருந்தே பொருள் காணப்படாது என்னும் உறுதி அளிக்கப்பட்டுள்ளது. ஆயினும் ‘காணப்படாது’ என்பதும் ‘இல்லை’ என்பதும் ஒன்றல்ல என்பதை நினைவிற் கொள்க.

இவ்வேறுபாடு முற்றாக வெளிப்படுவது பதிப்பு முறையிலேயாம். 2010ஆம் ஆண்டில் எஸ் 3 இம்முறையைச் சேர்த்துக்கொண்டது. ஒரு கொள்கலத்துக்கு இம்முறையை இயக்கிவிட்டால், அதில் வைக்கப்படும் பொருளின் ஒவ்வொரு பதிப்பும் தனித்தனியே ஓர் அடையாளத்தோடு பேணப்படும். இக்கொள்கலத்தில், அடையாளங் குறியாமற் பெயரை மாத்திரம் சொல்லி ‘அழி’ என்றால், பொருள் அழிவதில்லை; அதன்மேல் ஓர் ‘அழிப்புக் குறி’ வைக்கப்படுகின்றது. ‘தா’ என்று கேட்பவர்க்குக் களஞ்சியம் ‘காணவில்லை’ என்று விடை தரும். பொருளோ குறியின்கீழ் ஊறுபடாமற் கிடக்கும். குறியை நீக்கினால் அது மீண்டும் வெளிப்படும். ஆனால், பெயரோடு பதிப்பின் அடையாளத்தையும் சேர்த்துச் சொல்லி ‘அழி’ என்றால், அப்பதிப்பு என்றென்றைக்கும் போய்விடும். அதனை மீட்க வழியில்லை. இரண்டு கட்டளைக்கும் வினைச்சொல் ஒன்று. வரும் விடையும் ஒன்று. வேறுபாடோ கட்டளையிற் சேர்ந்த ஒரு சிறு குறிப்பு மாத்திரமே. நம் முன்னோர் ஐந்தொழிலை எண்ணுமிடத்து அழித்தலையும் மறைத்தலையும் ஒன்றாக்கிவிடாது வெவ்வேறாகவே எண்ணினர். இந்த இடைமுகத்தை வகுத்தோர் இரண்டையும் ஒரு சொல்லில் அடக்கிவிட்டனர்.

மேலும் ஒன்று. எஸ் 3 களஞ்சியத்திற் புதிதாகத் தொடங்கப்படும் கொள்கலத்தில், கேட்டு இயக்கினாலன்றிப் பதிப்பு முறை தானாக இயங்குவதில்லை. அவ்வாறு இயக்காத கொள்கலத்தில் ‘அழி’ என்றால் அழிவுதான். கூகிள் நிறுவனத்தின் களஞ்சியம் 2024ஆம் ஆண்டு முதல், அழித்த பொருளை 7 நாள்கள் மீட்கத்தக்கதாக வைத்திருக்கும் ஏற்பாட்டைப் புதிய கொள்கலங்களுக்கு வழமையாக்கியது. இது நன்று. ஆயினும் எல்லாக் களஞ்சியமும் இவ்வாறே இருக்கும் என்று நம்பி ஒழுகுதல் கூடாது.

இவற்றை நாம் நூலறிவாக மாத்திரம் கூறவில்லை. இம்மலருக்கெனப் பழைய மாணவர் பலரிடமிருந்தும் பெற்ற படங்களை மின்வருடி ஒரு கொள்கலத்தில் வைத்திருந்தோம். முதல் முயற்சியிற் சரிவராத மங்கலான பிரதிகளுக்கு ‘மலர்’ என்று தொடங்கும் பெயர்களை இட்டிருந்தோம். செம்மையான பிரதிகளுக்கு ‘மலர்-1955’, ‘மலர்-1962’ என ஆண்டு சேர்த்துப் பெயரிட்டோம். மங்கலானவற்றை நீக்க வேண்டி, ‘மலர்’ என்று தொடங்குவன யாவற்றையும் அழிக்குமாறு எம்முள் ஒருவர் கட்டளையிட்டார். தொடக்க எழுத்துகள் பொருந்துவன அனைத்தும் ஒரே வீச்சில் அகன்றன. ஒரு கட்டளையில் 1,000 பெயர்கள் வரையில் அழிக்க இடைமுகம் இடமளிக்கின்றது. எமக்கு அவ்வளவும் வேண்டியிருக்கவில்லை. விடை குறைவின்றி வந்தது. பதிப்பு முறையை நாம் இயக்கியிருக்கவில்லை. படங்களுட் பெரும்பாலானவற்றை, தந்தவர்களிடம் மறுபடியும் சென்று வாங்கினோம். ஆயினும் ஒரு மூத்த ஆசிரியரின் வகுப்பறைப் படம் மாத்திரம் மீளவில்லை. அதனைத் தந்த முதியவர் இடையில் காலமாகிவிட்டார். அவரது வீட்டாரிடம் அப்படம் இருந்த தொகுப்பு இப்பொழுது இல்லை. கட்டளையிட்டவர்மேல் நாம் குறை கூறவில்லை. அந்த வல்லமையை ஒருவர் கையிலே தனியே கொடுத்தவர்கள் நாம் எல்லாரும் அன்றோ?

‘எங்கள் களஞ்சியம் ஒருபொழுதும் பொருளை இழவாது’ என்று நிறுவனங்கள் கூறுவதை நம்பி இருத்தலும் ஆகாது. ஓர் ஆண்டிலே பொருள் கெடாது நிலைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 99.999999999 என்னும் அளவினதாகத் தன் களஞ்சியம் அமைக்கப்பட்டுள்ளது என்று அமேசான் கூறுகின்றது. அவ்வுறுதி, தட்டு பழுதுறுதல், இயந்திரம் எரிதல் ஆகியவற்றை நோக்கியது. உரிமையுடையவரே முறைப்படி ‘அழி’ என்று சொன்னால் களஞ்சியம் கீழ்ப்படிதல் அன்றி வேறொன்றும் செய்யாது. வேலையாள் வலிமையுடையவனாயிருப்பது ஒன்று. தலைவனின் தவறான கட்டளையைத் தடுப்பது வேறொன்று.

கைதேர்ந்தவர்களும் இவ்விடத்தில் வழுக்கியுள்ளனர். 2017ஆம் ஆண்டு சனவரி 31ஆந் திகதி, கிட்லாப் என்னும் நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர், துணை இயந்திரத்தில் நீக்க வேண்டிய தரவை முதன்மை இயந்திரத்தில் நீக்கிவிட்டார். ஏறத்தாழ 300 கிகாபைற்றுத் தரவு சென்றது. காப்புப் பிரதிகளைத் தேடியபொழுது, அவை இருக்க வேண்டிய எஸ் 3 கொள்கலம் வெறுமையாயிருந்தது. பிரதி எடுக்கும் செய்நிரல் நெடுநாளாகப் பயனின்றி ஓடியிருந்தது. அதனை எவரும் அறிந்திலர். தற்செயலாக எடுக்கப்பட்டிருந்த ஒரு பிரதியே அவர்களைக் காத்தது. ஆறு மணி நேரத் தரவு அழிந்தொழிந்தது. அதற்கு அடுத்த மாதம் 28ஆந் திகதி, அமேசான் ஊழியர் ஒருவர் சில இயந்திரங்களைச் சேவையிலிருந்து நீக்கப் புகுந்து, கட்டளையில் நேர்ந்த பிழையால் மிகப் பலவற்றை நீக்கிவிட, எஸ் 3 களஞ்சியத்தின் ஒரு பெரும் பகுதியே சில மணி நேரம் முடங்கிற்று. பொருள்கள் அழியவில்லை, எனினும் அதன் பின்னர் அந்நிறுவனம் செய்த திருத்தம் நோக்கத்தக்கது. நீக்குங் கருவியை முன்னிலும் மெதுவாக இயங்கச் செய்தனர். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே நீக்க முயன்றால் அது மறுக்குமாறும் அமைத்தனர். அழித்தலை மெதுவாக்குவதே அறிவுடைமை என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நமது நாட்டிலும் 2023ஆம் ஆண்டில் அரச மேகக் கணினி அமைப்பை ஒரு கப்பத் தாக்குதல் பீடித்தது. அவ்வாண்டு மே 17 முதல் ஓகத்து 26 வரையிலான அரச மின்னஞ்சல்கள் மீட்க இயலாதவாறு போயின. தாக்கியவர் எட்டக்கூடிய இடத்திலேயே காப்புப் பிரதியும் இருந்தால், அதனைக் காப்பு என்று கூறுதல் பெயரளவிலேயேயாம்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. பதிப்பு முறையோடு கூடிய கொள்கலத்தில், குறித்த காலம் வரையில் ஒரு பதிப்பை எவரும் அழிக்க இயலாதவாறு பூட்டிவைக்கும் ஏற்பாட்டை எஸ் 3 2018ஆம் ஆண்டில் வழங்கியது. அது இருவகைப்படும். ஒன்றிலே, தனி அனுமதி பெற்றவர் பூட்டைத் திறக்கலாம். மற்றையதிலே, கணக்கின் உரிமையாளர்தாமும் காலம் முடியுமுன் அப்பதிப்பை அழிக்க இயலாது. இவையன்றி இடைமுகமே இன்னொரு வேறுபாட்டையும் நமக்குத் தந்திருக்கின்றது. பொருளை மறைக்கும் அனுமதி வேறு, பதிப்பை அழிக்கும் அனுமதி வேறு என அதன் விதிகளிலே பிரித்து வைத்துள்ளனர். வினைச்சொல்லில் ஒன்றாயிருப்பினும் அதிகாரத்தில் அவை இரண்டு. இதனைப் பயன்படுத்தாமல், எல்லா அனுமதியும் கொண்ட ஒரே திறப்பைச் செயலாளர், பொருளாளர், தொண்டர் ஆகிய அனைவர் கையிலும் கொடுத்தலே பெரும்பாலும் நிகழ்கின்ற பிழை.

இதுகாறும் காத்தலின் பக்கம் நின்று பேசினோம். மறுபக்கமும் ஒன்று உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. நமது இடாப்புகளில் உள்ளவை யாவும் பெருமைக்குரியவை அல்ல. கட்டணஞ் செலுத்த இயலாத பிள்ளையின் பெயர் அங்கே உண்டு. நோய்க் குறிப்புகள் உண்டு. தண்டனைக் குறிப்புகள் உண்டு. அவற்றை மின்வருடி உலகெங்கும் திறந்துவிடுதல் நீதியாகுமா? ‘என் குறிப்பை நீக்குங்கள்’ என்று ஒருவர் கேட்டால், அவர்க்கு நாம் கடமைப்பட்டவர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதியின் 17ஆம் உறுப்புரை, 2018ஆம் ஆண்டிலிருந்து இவ்வுரிமையை நடைமுறையில் வைத்துள்ளது. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் அழிக்கக் கோரும் உரிமை இடம்பெற்றுள்ளது.

அவ்வாறு கேட்டவர்க்கு அழிப்புக் குறியை வைத்துவிட்டு, ‘அழித்துவிட்டோம்’ என்று கடிதம் எழுதினால் அது பொய்யாகும். பொருள் குறியின்கீழ் இருக்கின்றது. மெய்யாக அழிக்க வேண்டின், ஒவ்வொரு பதிப்பையும் அடையாளஞ் சொல்லி அழித்தல் வேண்டும். அதுவும் போதாது. ஒரு கொள்கலத்திலிருந்து மற்றொன்றுக்குத் தானாகவே பிரதி செல்லுமாறு அமைத்திருந்தால், முதலாவதிற் பதிப்பை அடையாளஞ் சொல்லி அழித்தமை இரண்டாவதற்குச் செல்வதில்லை. காப்பைக் கருதியே அவ்வாறு அமைத்துள்ளனர். ஆகவே இரண்டாவதிலும் தனியே சென்று அழித்தல் வேண்டும். ஆக, இழக்க விரும்பாததை இழப்பது மிக எளிதாகவும், நீக்கக் கடமைப்பட்டதை நீக்குவது மிக அரிதாகவும் இருக்கும் நிலை, முன்யோசனையின்றித் தொடங்கிய களஞ்சியங்களில் உண்டாகின்றது. பூட்டும் அழிப்பும் ஒன்றற்கொன்று முரணாதலின், காக்க வேண்டியவற்றுக்கு ஒரு கொள்கலமும், ஒருநாள் நீக்க வேண்டி வரக்கூடியவற்றுக்கு வேறொரு கொள்கலமும் தொடக்கத்திலேயே வேண்டும்.

ஆதலின் எமது சங்கத்துக்கும், இம்முயற்சியில் இறங்கும் ஏனைய கல்லூரிச் சங்கங்களுக்கும் நாம் கூற விரும்புவன சிலவே. முதலாவது, முதற்பொருளை வைக்குமுன்னரே பதிப்பு முறையை இயக்குக. இரண்டாவது, நாள்தோறும் ஏடுகளை ஏற்றும் தொண்டரின் திறப்பிலே மறைக்கும் அனுமதிக்கு மேல் ஒன்றும் இருத்தலாகாது. பதிப்பை அழிக்கும் திறப்பு வேறாக இருக்கட்டும். இருவர் உடன்பட்டாலன்றி அது வெளிவராதிருக்கட்டும். மூன்றாவது, முன்னை மலர்கள், அறிக்கைகள், பொதுப் படங்கள் ஆகியவற்றைப் பூட்டி வைக்க. நான்காவது, தனியாள் குறிப்புகளை வேறு கொள்கலத்தில் வைத்து, கேட்டார்க்கு மெய்யாகவே அழித்துக் கொடுக்கும் ஒழுங்கை எழுத்தில் வகுத்துக்கொள்க. ஐந்தாவது, பெயர் எழுதும் முறை ஒன்றாக இருக்கட்டும். தொடக்க எழுத்துகளை நம்பி எதனையும் மொத்தமாக அழிக்க வேண்டாம். ஆறாவது, வருடாந்தப் பொதுக்கூட்டத்தன்று, களஞ்சியத்திலிருந்து ஏதேனும் ஓர் ஏட்டை எல்லார் முன்னிலையிலும் எடுத்துக் காட்டுக. மறைத்த ஒன்றை மீட்டும் காட்டுக. எடுத்துப் பாராத காப்பு காப்பன்று என்பதைக் கிட்லாப் நிறுவனம் பெருவிலை கொடுத்துக் கற்றது.

‘சில நூறு படங்களுக்கு இவ்வளவு ஆரவாரம் எதற்கு? பழைய பதிப்புகளையெல்லாம் வைத்திருந்தாற் செலவு கூடுமே’ என்று பொருளாளர்கள் கூறுதல் கூடும். செலவு கூடும் என்பது மெய். மறைந்து கிடக்கும் பதிப்புக்கும் வாடகை உண்டு. ஆயினும் குறித்த நாள்களின் பின்னர்ப் பழைய பதிப்புகளைத் தானாகவே நீக்கும் விதியைக் களஞ்சியமே தருகின்றது. மங்கலான பிரதிகளுக்கு அவ்விதியை வைத்து, அரியவற்றை அதிலிருந்து விலக்கிவிடலாம். பொருளாளர்க்கு நாமும் ஒன்றை நினைவூட்டுவோம். வாடகை செலுத்தாமையும் ஒருவகை அழித்தலே. அமேசானிற் கணக்கு மூடப்பட்டு 90 நாள்கள் கழிந்தால் அதிலுள்ளவை மீளாதவாறு நீக்கப்படும். செயற்குழு மாறும் ஆண்டில், புதியவர் கைக்குக் கணக்குப் புத்தகம் சேர்வது போலக் களஞ்சியத்தின் திறப்பும் சேர வேண்டும். சேர்ந்தது என்று கூட்ட அறிக்கையில் எழுதவும் வேண்டும்.

‘களஞ்சியத்தை நடத்துவோர்க்கே இப்பொறுப்பை விட்டுவிடலாகாதா?’ என்பார்க்கு எமது விடை இது. அவர்கள் யன்னலுக்கு உள்ளே இருப்பவர்கள். எந்தப் படம் மங்கலானது, எந்தப் படம் இனிக் கிடைக்காதது என்பதை அவர்கள் அறியமாட்டார்கள். அறிந்தவர்கள் நாமே. 204 என்னும் எண் அறிவுடையார்க்கும் அறிவிலார்க்கும் ஒரே குரலில் விடை கூறும். ஆகவே அறிவைக் கட்டளையிடும் கணத்துக்கு ஒத்திவையாமல், கொள்கலத்தை அமைக்கும் நாளிலேயே அதில் வைத்துவிடுதல் வேண்டும். கை தவறும் கணம் எவர்க்கும் வரும். அக்கணத்துக்கு முன்னர்ச் செய்த ஏற்பாடே நம்மைக் காக்கும்.

மாணாக்கரே, நாளை இக்களஞ்சியத்தின் திறப்பு உங்கள் கைக்கு வரும். ஏற்றுவதில் உங்களுக்கு நாம் கற்பிக்க வேண்டியது ஒன்றுமில்லை. எங்களினும் விரைந்து செய்வீர்கள். அழிக்குமிடத்து மாத்திரம் சற்றே நின்று, ‘நாம் செய்யப்போவது மறைத்தலோ, அழித்தலோ?’ என்று ஒருமுறை வினவுங்கள். அந்த மூத்த ஆசிரியரின் படம் எங்காவது ஒரு வீட்டுச் சுவரில் இன்னும் தொங்கக்கூடும் என்று நாம் நம்புகின்றோம். அதனை வைத்திருப்பவர் எவராயினும் சங்கத்துக்கு அறிவித்தல் வேண்டும். அப்படம் வருமாயின், அதனைப் பூட்டிய கொள்கலத்தில் வைப்போம்.